ஒரு ஜக்கும் கொஞ்சம் ஜில்லும்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டார் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்வது எனக்குக் கொஞ்சம் மரியாதை. மலைக்குத் தண்ணீர் அள்ளப் போய் விழுந்து வரும் இரண்டு பேரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு குழந்தைப் பாட்டு இருக்கிறதல்லவா? அதில் வரும் ஜக் என்பவன் ஒரு ஜக்கு என்றும், ஜில் என்பவள் அந்த ஜக்குக்குள் இருந்த குளிர்ந்த தண்ணீர் என்றும் நான் நம்பியிருந்தேன். சின்ன வயதில் மட்டும் அல்ல. கனடாவுக்கு வந்து, பார்க்டேலில் அக்கா வீட்டில் இருந்துகொண்டு, இரண்டு குளிர்காலம் பனி தள்ளிய பிறகும் அப்படித்தான் நம்பினேன்.

பிழை முழுவதும் என்னுடையதல்ல. எங்களுக்குப் படிப்பித்த ஆசிரியை பாட்டைப் பாடமாக்கச் சொன்னாரே தவிர, கருத்துச் சொல்லவில்லை. தண்ணீர் அள்ளப் போகிறார்கள் என்று கையால் மட்டும் காட்டினார். தண்ணீர் அள்ள எது போகும்? ஜக்குத்தான் போகும். அள்ளிய தண்ணீர் எப்படி இருக்கும்? ஜில்லென்று இருக்கும். இதைவிடத் தெளிவான பாட்டு உலகத்தில் உண்டா? படம் கீறச் சொன்னபோது, கால் முளைத்த ஜக்கு ஒன்றைக் கீறினேன். ஜில்லை எப்படிக் கீறுவது என்று தெரியாமல் பக்கத்தில் நடுங்குகிற கோடுகள் நாலைந்தை இழுத்துவிட்டேன். ஆசிரியை அதைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார். அதே பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்பில் படித்த அக்காவும் பார்த்தாள். அன்றிலிருந்து நான் அவளுக்கு ஜக்கு.

உண்மையை எனக்குச் சொன்னது அக்காவின் மகள். பார்க்டேலில் பாலர் வகுப்புக்குப் போய்வந்த காலத்தில் ஒருநாள் படப்புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து விரித்தாள். அதில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் வாளியோடு மலை ஏறிக்கொண்டிருந்தார்கள். "ஜக்கு எங்கை?" என்று கேட்டேன். அவள் பையனைக் காட்டினாள். "ஜில்?" பெண்ணைக் காட்டினாள். நான் புத்தகத்தை வாங்கி வாளிக்குள் எல்லாம் தேடிப் பார்த்தேன். அந்தச் சின்னது தரையில் உருண்டு சிரித்தது.

இந்தக் கதையை இப்போது தோண்டி எடுக்கக் காரணம், போன இலையுதிர் காலத்தில் அதே அக்கா மகள், என் மருமகள், விட்பியிலிருந்து எடுத்த தொலைபேசி அழைப்பு. அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து ஒரு கிழமை ஆகியிருந்தது.

"மாமா, அம்மாவோடை ஒருக்காக் கதைக்கிறீங்களே?"

"ஏன், கொம்மா உன்னோடை கதைக்கிறேல்லையோ?"

"கதைக்கிறா. பேபிக்குப் பால் குடுத்தியோ, வயிறு போச்சுதோ எண்டு கேக்கிறா. பேபியின்ரை பேரைச் சொன்ன உடனை ஃபோனை வைச்சிடுறா."

"என்ன பேர் வைக்கப் போறியள்?"

கதவொன்றைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "ஜில்."

நான் காலநிலையைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். "ஓம், இஞ்சையும் குளிர் துவங்கீட்டுது. பிள்ளையை வடிவாப் போர்த்து வைச்சிரு."

"மாமா! தட்ஸ் ஹெர் நேம்!"

அவளுடைய கணவர், எங்கள் மாப்பிள்ளை, ஒஷாவாவில் பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரப் பொடியன். பொடியன் என்கிறேன், ஆள் என்னைவிட ஒரு முழம் உயரம். அவனுடைய தாய் இரண்டு வருடத்துக்கு முன் இறந்துபோனார். அவர் பெயர் ஜில். கலியாணத்துக்கு வேட்டி கட்டச் சொன்னோம், கட்டினான். மாட்டிறைச்சி வேண்டாம் என்றோம், எங்கள் முன்னால் விட்டான். அவன் எங்களிடம் கேட்டது இந்த ஒரு பெயர்தான். அதையும் அவன் கேட்கவில்லை; மருமகள் கேட்டாள்.

"அம்மா என்னவாம்?"

"கோயில் வீதியிலை நிண்டு 'ஜில், ஜில்' எண்டு கூப்பிட்டால் சனம் சோடா விக்கிறா எண்டு நினைக்குமாம். இந்தப் பேர்தான் எண்டால் முப்பத்தொண்டுக்கு வரமாட்டாவாம். அவர் ஒண்டும் சொல்ல மாட்டார் மாமா, பட் ஐ நோ. ப்ளீஸ். நீங்கள் சொன்னால் அம்மா கேப்பா."

முப்பத்தொன்று என்பது, குழந்தை பிறந்து முப்பத்தோராம் நாள் ஐயரைக் கூப்பிட்டு வீட்டுத் துடக்கை, அதாவது தீட்டை, கழித்துப் பெயர் வைக்கும் சடங்கு. அதற்கு அம்மம்மா வரவில்லை என்றால் சனத்துக்கு வேறு செய்தி தேவையில்லை. ஆனால் அக்கா என் சொல் கேட்பாள் என்று மருமகள் எந்த ஆதாரத்தில் சொன்னாளோ தெரியாது. அவள் என் சொல்லைக் கேட்டது ஒரே ஒருமுறை. கனடா வந்த புதிதில் நான் காட்டிய பஸ்ஸில் ஏறி, வேலைக்குப் போகவேண்டியவள் ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

ஆனாலும் போனேன். அக்கா இப்போது ஸ்காபரோவில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறாள். கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்த உடனேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"வாடா ஜக்கு. தூது வந்தனீயோ?"

"தேத்தண்ணி குடிக்க வந்தனான்."

"அப்ப குடிச்சிட்டுப் போ."

குடித்தேன். வடை இருந்தது, அதையும் சாப்பிட்டேன். தூது போகிறவன் வெறுவயிற்றோடு பேசக்கூடாது. பிறகு மெல்லத் தொடங்கினேன்.

"சின்னப் பேர்தானே அக்கா. கூப்பிடச் சுகம். என்ரை பேரைப் பார், கோப்பிக் கடையிலை கப்பிலை இடம் காணாது எண்டு நான் 'ஜக்' எண்டுதான் சொல்லுறனான்."

"நீ எப்பவும் ஜக்குத்தானே, உனக்கென்ன. பேரெண்டால் ஒரு கருத்து வேணும். நட்சத்திரத்துக்கு ஒரு எழுத்து வேணும். உதுக்கு என்ன கருத்து? தடிமனோ, சளியோ? அதுவும் தமிழிலை இல்லாத எழுத்து!"

"அவரின்ரை தாயின்ரை பேர்..."

"அது எனக்குத் தெரியும்." குரல் கொஞ்சம் இறங்கியது. "செத்த மனுசியை நான் பிழை சொல்லேல்லை. நாளைக்கு இந்தப் பிள்ளை எங்கடை சனத்துக்குள்ளை வந்து நிக்கேக்கை எல்லாரும் சிரிப்பினம். பேரைச் சொல்லிச் சிரிக்கிறது என்னெண்டு உனக்குத் தெரியாது. நீ சிரிக்க வைக்கிறதுக்கெண்டே பிறந்தனீ."

அவளுக்குத் தெரியும். அக்கா வந்த புதிதில் ஒரு தையல் ஃபாக்டரியில் வேலை செய்தாள். அவளுடைய அழகான நீளப் பெயரை மேற்பார்வையாளர் நடுவில் முறித்துப் பாதியை எடுத்துக்கொண்டார். அந்தப் பாதி ஆங்கிலத்தில் வேறொன்றாக இருந்தது. அது என்ன என்று இங்கே எழுதினால் அக்கா என்னைப் படி ஏற விடமாட்டாள். மேசைக்கு மேசை அதைக் கூப்பிட்டுச் சிரித்தார்களாம். அவள் அதற்கு "யெஸ்" என்று சொல்லிச் சொல்லியே அங்கே வேலை செய்து முடித்தாள்.

மிச்ச வடையை ஒரு பெட்டியில் வாங்கிக்கொண்டு எழும்பும்போது வாய் சும்மா இருக்கவில்லை. "கருத்துத்தானே வேணும்? நல்ல கருத்தாக் கண்டுபிடிச்சுக்கொண்டு வாறன்."

"கண்டுபிடி. வரேக்கை அந்த வடைப் பெட்டியையும் திருப்பிக் கொண்டு வா."

இப்படித்தான் நான் ஒரு சனிக்கிழமை, வீட்டுக்குக் கிட்ட உள்ள நூலகத்தின் குழந்தைகள் பகுதியில் போய் நின்றேன். அங்கே இருந்த பெண்மணி, குழந்தைப் பாட்டுகளைப் பற்றிய புத்தகம் எத்தனை வயதுப் பிள்ளைக்கு என்று கேட்டார். அறுபதுக்குக் கிட்ட என்றேன். ஒருமுறை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளே போய் மொத்தமான புத்தகங்கள் மூன்றைக் கொண்டுவந்து தந்தார். இருப்பதற்குத் தவளை வடிவத்தில் ஒரு நாற்காலிதான் காலியாக இருந்தது. இருந்தேன். எழும்புவதைப் பற்றி அப்போது யோசிக்கவில்லை.

அக்காவுக்காகத் தொடங்கிய வேலை, அரை மணித்தியாலத்தில் எனக்காக ஆகிவிட்டது. இந்தப் பாட்டுகளில் வரும் பெயர்களுக்குப் பின்னால் இவ்வளவு கூட்டம் ஒளிந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? மதிலில் குந்தியிருந்து விழுந்து நொறுங்கிப்போகும் குண்டு ஆளை எடுங்கள். அவர் ஒரு முட்டை என்று எல்லோருக்கும் தெரியும். பாட்டில் எங்கேயாவது முட்டை என்று ஒரு சொல் இருக்கிறதா? இல்லை. அது முதலில் ஒரு நொடி, ஒரு விடுகதை. விழுந்தால் ஒட்டமுடியாதது எது என்று கேட்டால், முட்டை என்று சொல்லவேண்டும். விடை ஊருக்கெல்லாம் தெரிந்துபோனபிறகு கேள்வியை மறந்துவிட்டார்கள். அந்தப் பெயரோ அதற்கும் முந்தியது. பியரைச் சூடாக்கிப் பிராந்தி கலந்த ஒரு குடிவகைக்கு அதுதான் பெயராம். பிறகு கட்டையாய், குண்டாய், தட்டுத்தடுமாறி நடக்கிற ஆளுக்கும் அதே பெயர். முந்தியதைக் குடித்தவர் பிந்தியவராக ஆகியிருப்பார் என்பது என் சொந்த ஆராய்ச்சி. இன்னொரு புத்தகம் அவர் முதுகு வளைந்த அரசன் என்றது. மற்றது, கோட்டை மதிலில் ஏற்றிவைத்த பீரங்கி என்றது. ஒரு முட்டைக்கு இவ்வளவு வேலை.

இன்னொரு பாட்டில் தோட்டத்தில் சிப்பியும் மணியும் வளர்க்கும் முரண்டுக்காரிக்கும் இதே கதைதான். அவள் ஒரு ராணி என்று ஒரு கட்சி. ராணிதான், ஆனால் அதே பெயருள்ள வேறு ராணி என்று இன்னொரு கட்சி. மூன்றாவது கட்சி, அது மாதாவேதான், மணி என்பது கோயில் மணி, சிப்பி என்பது யாத்திரை போனவர்கள் குத்திக்கொள்ளும் சின்னம் என்றது. வேலைத்தலத்தில் என்னோடு சாப்பிடும் மன்னார்க் கத்தோலிக்க நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்தார். "அண்ணை, மாதாவை ஆராவது முரண்டு பிடிக்கிறவ எண்டு பாடுவினமோ? உதுகளைப் படிக்கிறதை விட்டிட்டு ஒழுங்காச் சாப்பிடுங்கோ" என்றார். மற்றப் பாட்டொன்றில் ஆடுகளைத் தொலைத்துவிட்டு நிற்கும் சின்னப் பெண்ணின் பெயர், குழந்தையின் முகத்தை மூடித் திறந்து காட்டும் விளையாட்டில் நாம் போடுகிற சத்தமாம். வேறொரு பாட்டில் ஏறி இறங்கும் பலகையில் ஆடுபவளின் பெயரில் பாதிக்குச் சோம்பேறி என்று கருத்தாம். பாவம், தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அவளைச் சோம்பேறி என்று கூப்பிட்டுக்கொண்டே ஆடியிருக்கிறார்கள்.

கடைசியில் என்னுடைய ஆட்களுக்கு வந்தேன். ஜக் என்பது ஒரு காலத்தில் எவனுக்கும் பொதுப் பெயராக இருந்ததாம். ஜில் எவளுக்கும். எங்கள் கணக்குப் புத்தகத்தில் வருடம் முழுக்க மாம்பழம் வாங்கிக்கொண்டிருந்த கண்ணனையும் மாலாவையும் போல. எடுபிடிப் பையன்கள் எல்லோரும் ஜக் என்பதால், அந்தப் பையனின் வேலையை ஓர் இரும்புத் துண்டு செய்தபோது அதற்கும் அவன் பெயரையே வைத்துவிட்டார்கள். காரைத் தூக்குவது ஜக். பண்டகசாலையில் சாமான் தட்டுகளை ஏற்றி நான் வருடக்கணக்காகத் தள்ளித் திரிவதும் ஜக். "ஜக் எங்கே?" என்று மேற்பார்வையாளர் கத்தும்போது நான் ஏன் என்னையறியாமல் கையைத் தூக்குகிறேன் என்பது அன்றுதான் விளங்கியது.

அடுத்த பக்கத்தில்தான் அது இருந்தது. இன்னொரு கட்சி சொல்கிறது: ஜக்கும் ஜில்லும் ஆட்களே இல்லை. குடிவகை ஊற்றிக் கொடுக்கும் அளவுகள். பெரியது ஜக், சின்னது ஜில். ஓர் அரசன் வரிக்காக இந்த அளவுகளில் கை வைத்தானாம்; பெரியது குறைந்து விழ, சின்னதும் பின்னால் விழுந்ததாம்.

நான் தவளையோடு சேர்ந்து எழும்பிவிட்டேன். அது என்னைவிட்டுப் பிரிய மறுத்தது. கால் முளைத்த ஜக்கு! ஒரு பாத்திரம், அதற்குள் ஊற்றுவது! நான் கீறிய படத்துக்கு அந்த ஆசிரியை எனக்கு முழுப் புள்ளி தந்திருக்கவேண்டும். அதோடு விடவில்லை, ஓர் அகராதியையும் புரட்டினேன். ஜக்கு என்ற சொல்லே ஒரு காலத்தில் ஒரு பெண்ணின் செல்லப் பெயராக இருந்திருக்கலாம் என்று அது சொன்னது. ஆக, ஜக்கு ஒரு பெண். ஜக் ஓர் அளவு. நான் யார்?

என் இடுப்பிலிருந்து தவளையைக் கழற்ற உதவிய அந்தப் பெண்மணியிடம், இதில் எது உண்மை என்று கேட்டேன். அவர் சிரித்தார். அநேகமானவை பாட்டுப் பிறந்து நெடுங்காலத்துக்குப் பிறகு யாரோ யோசித்துச் சொன்ன கதைகள் என்றார். கேட்க நன்றாக இருப்பதால் நிலைத்துவிட்டன. பெயர் முதலில் வந்துவிடுகிறது, கருத்து பிறகு மெல்ல, ஆறுதலாக வந்து சேர்கிறது என்றார்.

எனக்கு அந்த ஆறுதல் இருக்கவில்லை. அக்காவுக்குச் சொல்லக்கூடிய கருத்து ஒன்று உடனே வேண்டும். ஜில் என்பது ஒரு நீளப் பெயரின் முறிந்த துண்டு, அந்த நீளப் பெயருக்கு இளமை என்று பொருள் சொல்வார்கள் என்று ஒரு புத்தகம் சொன்னது. அருமை. அடுத்த புத்தகம், சரியாகச் சொன்னால் அந்த இளமை என்பது தாடி முளைக்கத் தொடங்கும் பருவத்தின் பூனைமயிர் என்றது. அதற்கடுத்தது, காதலனை நடுத்தெருவில் விட்டுப்போகும் பெண்ணைக் குறிக்கும் சொல் ஜில்லிலிருந்துதான் பிறந்திருக்கவேண்டும் என்றது. இந்த மூன்றாவதை உயிர் போனாலும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்துகொண்டேன். அதைக் காப்பாற்றியும் இருக்கிறேன். உங்களிடம் சொன்னது கணக்கில் சேராது.

அடுத்த நாள் வடைப் பெட்டியோடு அக்கா வீட்டுக்குப் போனேன்.

"இளமை!" என்றேன் வாசலில் நின்றே. "ஜில் எண்டால் இளமை!"

அக்கா கொஞ்சம் அசந்துதான் போனாள். "மெய்யாவோ?"

அதோடு நிறுத்தியிருக்கவேண்டும். வேறு யாராவது என்றால் நிறுத்தியிருப்பார்கள். ஆனால் அவள் அப்படி உண்மையாகக் கேட்டதும், நூலகம் முழுவதும் என் தொண்டைக்குள் வந்து நின்றது.

"ஓம். எண்டாலும் வேரைப் பாத்தால், அந்தப் பொடியங்களுக்கு முதல் முதல் முளைக்கிற தாடி இருக்கெல்லே..."

"என்ன?"

"பூனைமயிர்தான் அக்கா. பெரிய தாடி இல்லை."

"என்ரை பேத்திக்குத் தாடி எண்டு பேர் வைக்கச் சொல்லுறியோ?"

"இல்லை அக்கா, நிலாவிலை தெரியிற கறை இருக்கெல்லே, அது தண்ணிவாளி தூக்கின ரெண்டு பிள்ளையள் எண்டு வடக்கு நாட்டுச் சனம்..."

"முதலிலை தாடி. இப்ப கறை." பெட்டியை என் கையிலிருந்து வாங்கினாள். "நீ இனிக் கருத்துக் கண்டுபிடிக்க வேண்டாம். ஐயர் பஞ்சாங்கம் பாத்து எழுத்துச் சொல்லட்டும். அந்த எழுத்திலை பேர் வைக்கிறதெண்டால் முப்பத்தொண்டுக்கு வாறன். இல்லாட்டி வரேல்லை. போய்ச் சொல்லு."

போய்ச் சொல்ல விட்பிக்குப் போனேன். நெடுஞ்சாலையில் ஊர்ந்துகொண்டு போகையில், இருந்த ஒரு நல்ல கருத்தையும் தாடி வைத்துக் கெடுத்தேனே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். மருமகள் மேலே குழந்தையோடு தூங்கிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை கராஜில் குளிர்கால டயர் மாற்றிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும், "மாமா, அந்த ஜக்கை இங்கே தள்ளிவிடுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். எங்கே போனாலும் இந்த ஜக் என்னைவிட்டுப் போகமாட்டான் போலிருக்கிறது.

அக்காவின் நிபந்தனையைச் சொன்னேன். அவன் நட்டைக் கழற்றிக்கொண்டே கேட்டான். சரி, அவர்கள் சொல்லும் எழுத்திலேயே வைப்போம் என்றான். அம்மம்மா இல்லாத குழந்தையாக அவள் வளரவேண்டாம், அப்பம்மாவை இழந்தது போதும். சொல்லிவிட்டு டயரை உருட்டிக்கொண்டு போனவன், அதைச் சுவரில் சாத்திவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றான்.

அப்போதுதான் எனக்கு, இத்தனை புத்தகம் புரட்டியும் கேட்கவேண்டிய ஆளிடம் ஒன்றும் கேட்கவில்லையே என்று உறைத்தது. உன் தாய்க்கு அந்தப் பாட்டுப் பிடிக்குமா என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். பாட்டைப் பாடாத ஆளை அவர் வாழ்நாளில் சந்தித்ததில்லையாம். பள்ளியில், வேலையில், கடையில் பெயர் சொன்ன உடனேயே யாராவது தண்ணீர் வாளியைப் பற்றிக் கேட்பார்களாம். எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தாராம்: "பாட்டை வடிவாகக் கேளுங்கள். முதலில் விழுந்தது அவன்."

அன்று பின்னேரம் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். எழுத்துக்குச் சம்மதம் என்றேன். அவள் ஒரு ஓம் மட்டும் சொன்னாள். பிறகு அந்தப் பாட்டையும் பகிடிகளையும் சம்பந்தி அம்மாவின் பதிலையும் சொன்னேன். தாடி சேர்க்காமல், நிலா சேர்க்காமல், கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். மறுபக்கத்தில் அவள் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தாள்.

"அந்த மனுசி என்ன வேலை பாத்தவ?"

"கார் சீற்றுக்கு உறை தைக்கிற ஃபாக்டரியிலையாம்."

"தைச்சவவோ," என்றாள். பிறகு தொலைபேசியை வைத்துவிட்டாள்.

முப்பத்தொன்று வந்தது. அக்கா வந்தாள், காஞ்சிபுரம் கட்டி, ஒரு பெரிய அண்டா சக்கரைப் பொங்கலோடு. மாப்பிள்ளை வேட்டிக்கு மேல் இடுப்புப் பட்டி இறுக்கி, நெருப்பு அலாரத்துக்குத் துணி சுற்றி, ஐயர் சொல்வதை எல்லாம் செய்துகொண்டு நின்றான். குழந்தைக்கு மொட்டை அடித்திருந்தது. அந்த வழுக்கைத் தலையைப் பார்த்தபோது எனக்குத் தாடி ஞாபகம் வந்தது. வாய்க்குள் ஒரு வடையை வைத்து அடைத்துக்கொண்டேன்.

ஐயர் பிறந்த நேரத்தைக் கேட்டுப் பஞ்சாங்கத்தைப் புரட்டினார்.  என் மனதுக்குள் எழுத்துகள் ஓடின. கூட்டம் கூட்டமாய்த் தமிழ் எழுத்துகள் இருக்கையில், அக்கா சொன்னதுபோல அந்த எழுத்துக்கு எங்கே இடம்? மருமகள் என்னைப் பார்த்தாள். நான் வடையைப் பார்த்தேன்.

"உத்திராடம்," என்றார் ஐயர். "நாலாம் பாதம். எழுத்து வந்து... ஜி."

மருமகள் மூச்சை இழுத்த சத்தம் கூடத்துக்கே கேட்டது. மாப்பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லோரும் ஏன் தன்னைப் பார்க்கிறார்கள் என்று வேட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டான்.

"ஐயா, வடிவாப் பாருங்கோ," என்றாள் அக்கா.

"பஞ்சாங்கத்திலை வடிவாத்தான் அம்மா அடிச்சிருக்கு. பே, போ, ஜ, ஜி. நாலாவது ஜி. எத்தினையோ நல்ல பேர் இருக்கு. ஜீவா, ஜீவிதா... நீங்கள் விரும்பினதைப் பிள்ளையின்ரை காதுக்குள்ளை மூண்டு தரம் சொல்லுங்கோ. அம்மம்மா நீங்கள்தானே?"

பஞ்சாங்கம் கதவைத் திறந்ததும் ஐயர் கொத்தாக வேறு பெயர்களை உள்ளே விட்டுவிட்டார். மாப்பிள்ளை மெதுவாக, இப்போது என்ன நடக்கிறது என்று என்னிடம் கேட்டான். எழுத்து ஜி, ஆனால் பெயர் அக்காவின் வாயில் என்றேன். அவன் கைகளைக் கூப்பியது கூப்பியபடி அசையாமல் நின்றான்.

அக்கா குழந்தையை வாங்கினாள். வெற்றிலை ஒன்றை அதன் காதுக்கு மறைப்பாகப் பிடித்தாள். குனிந்து ஏதோ சொன்னாள். மூன்று தரம். நான் மூன்று தரமும் கழுத்தை நீட்டினேன். மேளக் கச்சேரிக்குப் பதிலாக யாரோ கைத்தொலைபேசியில் போட்டிருந்த நாதஸ்வரம் உச்சத்தில் ஏற, ஒரு சொல்லும் காதில் விழவில்லை. குழந்தை கொட்டாவி விட்டது. எல்லோரும் அரிசி தூவினார்கள். அக்காவிடம் கேட்க யாருக்கும் துணிவில்லை. அவளும் ஒருவர் முகத்தையும் பார்க்காமல், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

சனம் சாப்பிட உட்கார்ந்தது. மாப்பிள்ளை எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றினான், கையில் ஒரு ஜக்கோடு. மருமகள் இரண்டு முறை குசினி வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். பிறகு என்னிடம் வந்து, "மாமா, யூ ஆஸ்க்" என்றாள்.

எனக்கும் அடக்கமுடியவில்லை. இவ்வளவு பெயர்களின் பூர்வீகத்தைத் தோண்டியவனுக்கு, எங்கள் வீட்டில், எங்கள் கண்ணெதிரே வைத்த பெயர் தெரியவில்லை என்றால் எப்படி? குசினிக்குள் போனேன். அக்கா யன்னலருகில் நின்று குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை அவள் தோளில் காஞ்சிபுரத்தை ஈரமாக்கிக்கொண்டு நல்ல நித்திரை. மாப்பிள்ளை ஜக்கை நிரப்புகிற சாக்கில் எனக்குப் பின்னால் வந்து நின்றான்.

"அக்கா!" என்றேன். நான் எப்போதும் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவேன். "பிள்ளையின்ரை காதுக்குள்ளை என்ன பேர் சொன்னனீ?"

அக்கா திரும்பி என்னை ஒரு முறை முறைத்தாள்.

"கத்தாதை, ஜில்லு எழும்பீடுவாள்."